வெயில் அடிக்குது, அப்புறம் ஏன் ராக்கெட்ட நிறுத்துறாங்க?

செந்தூல்_குமரன்: மகளோட உக்காந்து புளோரிடா லாஞ்ச லைவ்ல பாத்துக்கிட்டிருந்தோம், அங்க ஒரு சொட்டு மழை இல்ல, கடைசி நேரத்துல வானிலை சரியில்லன்னு தள்ளி வச்சிட்டாங்க, பிள்ளைக்கு ரொம்ப வருத்தம். இங்க கோலாலம்பூர்ல தினம் சாயங்காலம் இடி மழை, பிளேன் எறங்கத்தானே செய்யுது? தெரிஞ்சவங்க சொல்லுங்க.

ஜெலுத்தோங்_அக்கா: தம்பி, பெரிய பயமே மின்னல்தான். மேகத்துல மின்சாரம் சேர்ந்திருந்தா போதும், ராக்கெட்டும் அது பின்னால விடுற நீளமான சூடான புகையும் சேர்ந்து கம்பி மாதிரி ஆகி மின்னல தானா வரவழைச்சிடும். 1969 நவம்பர்ல நிலாவுக்குப் போன அப்போலோ 12 கெளம்பின முதல் நிமிஷத்துலயே ரெண்டு தடவ அடி வாங்குச்சு, தப்பிச்சாங்க. 1987 மார்ச்ல அட்லஸ் சென்டார்னு ஒரு ராக்கெட் தப்பிக்கல, மின்னல்ல கம்ப்யூட்டர் கொழம்பி ராக்கெட் தப்பா திரும்பி ஒடஞ்சே போச்சு. அதனாலதான் பக்கத்துல மின்னல் அடிச்சா 30 நிமிஷம் காத்திருக்கணும்னு ரூல் வச்சிருக்காங்க.

பிரிக்பீல்ட்ஸ்_ரவி: அக்கா சொன்னதோட மேல்காத்தையும் சேத்துக்குங்க. கீழ அமைதியா இருக்கும், 10 கிலோமீட்டர் மேல காத்து திடீர்னு வேகமும் திசையும் மாறும், அதுக்குத்தான் பலூன் விட்டு பாக்குறாங்க. குளிரும் ஆபத்து, 1986ல சேலஞ்சர் விண்வெளி ஓடத்துல ரப்பர் சீல் குளிர்ல வெறச்சுப்போய் ஏழு பேர் உயிர் போச்சு.

செந்தூல்_குமரன்: நன்றி அக்கா, நன்றி ரவி. லாஞ்சுக்கு முன்னாடி வானிலை அறிக்கைல 40 பர்சன்ட்னு போடுறாங்களே, அது மழைக்கா?

ஜெலுத்தோங்_அக்கா: இல்ல தம்பி, வானிலை அந்த லாஞ்ச் ரூல்ல ஏதாவது ஒண்ண மீறுற வாய்ப்பு 40, அப்ப வானிலை ஒத்துழைக்க 60. பாப்பாவ அடுத்த லாஞ்சுக்கும் உக்கார வைங்க.