வால்நட் என்று வந்த மேசையும் மற்றவையும்

இழைப்புளி:
வால்நட் மரம் என்று சொல்லித்தான் அந்த மேசையை விற்றார்கள். ஒரு கால் ஆட ஆரம்பித்ததும் கவிழ்த்துப் போட்டேன், தகடு மறைத்திருந்த இடத்தில் பேனாக்கத்தியால் லேசாகச் சுரண்டினால் மேலே சாக்லேட் நிறம், நகக்கனம் உள்ளே போனதும் வெளிறின மஞ்சள். ஸ்பிரிட் நனைத்த துணியால் தேய்த்தேன், நிறம் முழுக்கத் துணிக்கு வந்துவிட்டது. விற்றவரிடம் கேட்டால், "நிறம் வால்நட்தானே சார்" என்கிறார்!

மரத்தூள்:
துணியில் நிறம் வந்ததை மட்டும் வைத்துப் போலி என்று சொல்லிவிட முடியாது. அசல் கருப்பு வால்நட்டிலும் வைரம், அதாவது நடுமரம்தான் பழுப்பு, ஓரத்து வெள்ளை வெளிறித்தான் இருக்கும். அந்த வெள்ளைக்குச் சாயம் ஏற்றி வைரத்தோடு ஒப்பேற்றுவது பட்டறைகளில் சாதாரணம். என் கண்ணெதிரே ஒருவர் இதே ஸ்பிரிட் சோதனையைச் செய்துவிட்டு அசல் அலமாரியை வேண்டாம் என்று விட்டுப் போனார், இன்னும் எனக்கு வயிற்றெரிச்சல். குறுக்குவெட்டைப் பாருங்கள். கூரான உளியால் ஒரு சீவு சீவி லென்ஸ் வைத்தால், வால்நட்டில் ஆண்டு வளையத்தின் தொடக்கத்தில் துளைகள் பெரிதாக இருந்து வெளிப்பக்கம் போகப்போகச் சிறுத்துக்கொண்டே வரும். சிவப்பு ஓக் மரத்தில் துளை அளவு சட்டென்று மாறும். பெயரை நம்பாதீர்கள். வாகையைக் 'கிழக்கிந்திய வால்நட்' என்பார்கள், 'பிரேசில் வால்நட்' என்றால் இப்பே என்ற வேறொரு மரம், இரண்டுக்கும் நிஜ வால்நட்டோடு ஒட்டும் இல்லை உறவும் இல்லை.

நாலாம் உளி:
அடையாளம் இருக்கட்டும், எனக்குக் கறைதான் தலைவலி. வால்நட் பலகைகளை ஒட்டி, இறுக்கிப் பிடிக்க இரும்பு கிளாம்ப் போட்டு ராத்திரி முழுக்க இருந்தது, காலையில் கழற்றினால் ஈரப் பசை பட்ட இடமெல்லாம் மை தடவின மாதிரி நீலக்கருப்புக் கோடு. மரத்திலுள்ள டானின் என்ற துவர்ப்புப் பொருளும் இரும்பும் ஈரத்தில் சேர்ந்த வேலை. உப்புத்தாளுக்கு அசையவில்லை, கடைசியில் ஆக்சாலிக் அமிலம்தான் எடுத்தது.

சன்னலோரம்:
நாளாக ஆக மரம் கருக்கும் என்றே எல்லோரும் நினைக்கிறோம். சன்னல் பக்கத்து வால்நட் மேசையில் விளக்கை நகர்த்தினேன், அடியில் வட்டமாக அடர் பழுப்பு, சுற்றிலும் தேன் நிறம். வெயிலில் இது வெளிறும், செர்ரிதான் கருக்கும். கேட்கவில்லை என்றாலும் சொல்கிறேன்: தண்ணீர் வார்னிஷை நேரடியாகப் பூசினால் நிறம் செத்துப்போய்த் தெரியும், முதலில் ஆளிவிதை எண்ணெய் ஒரு கை கொடுத்து, நன்றாகக் காயவிட்டு, அப்புறம் மேலே பூசுங்கள். அந்த எண்ணெய்த் துணியைச் சுருட்டி மூலையில் போடாதீர்கள், தானே சூடேறித் தீப்பிடிக்கும், விரித்துக் காயப்போடுங்கள்.