கணவருக்கு 40 நாள் லீவுதான்: குழந்தைக்கான சோதனைகளை எந்த வரிசையில் செய்வது?

மேலவாசல் எழுதியது:

மன்னார்குடிப் பக்கம் ஒரு தம்பதிக்காகக் கேட்கிறேன். பெண்ணுக்கு 28 வயது, கணவருக்கு 33. அவர் கத்தாரில் வெல்டர். கல்யாணமாகி மூன்று வருஷம். கல்யாணத்தின்போது 50 நாள், அப்புறம் 40 நாளாக இரண்டு லீவு. சேர்ந்து இருந்தது அவ்வளவுதான். பெண்ணுக்கு மாதவிலக்கு 35, 40 நாளுக்கு ஒருமுறை வருகிறது. ஸ்கேனில் நீர்க்கட்டி என்றார்கள். ஹெச்.எஸ்.ஜி. (கருக்குழாயில் மருந்து செலுத்தி எடுக்கும் எக்ஸ்ரே) எடுத்ததில் இரண்டு குழாயும் அடைப்பு என்று ரிப்போர்ட். கணவருக்கு இதுவரை ஒரு டெஸ்ட்டும் எடுக்கவில்லை. "விசேஷம் உண்டா?" என்று கேட்டுக்கொண்டிருந்த சொந்தக்காரர்கள் இப்போது இரண்டாம் கல்யாணப் பேச்சை எடுக்கிறார்கள். அடுத்த லீவு தை மாதம், அதுவும் 40 நாள்தான். அதற்குள் என்னென்ன முடிக்கலாம், எதை முதலில் செய்ய வேண்டும்?

லேப்_மேஜை பதில்:

முதலில் நாள் கணக்கைப் பாருங்கள். முட்டை வெளிவருவது அடுத்த விலக்குக்குச் சுமார் 14 நாள் முன்பு. 35–40 நாள் சுற்றில் அது 21-லிருந்து 26-ஆம் நாளுக்குள் விழும். கரு தங்கக்கூடிய நாட்கள் அந்த நாளும் அதற்கு முந்தைய ஐந்து நாளும் மட்டுமே. ஆக ஒரு லீவுக்கு ஒரு வாய்ப்பு, அதுவும் அந்தச் சுற்றில் முட்டை வெடித்திருந்தால். குறை எதுவும் இல்லாத தம்பதிக்கே ஒரு சுற்றில் கரு தங்குவது நாலில் ஒன்று, ஐந்தில் ஒன்று. சேர்ந்து இருந்து 12 மாதம் முயன்றும் தங்காவிட்டால்தான் மருத்துவத்தில் குழந்தையின்மை என்று சொல்வார்கள் (பெண்ணுக்கு 35 தாண்டினால் 6 மாதம்). ஊர் சொல்லும் மூன்று வருஷம் இவர்களுக்கு மூன்று, நாலு சுற்றுதான்.

விந்துப் பரிசோதனை இல்லாமல் ஹெச்.எஸ்.ஜி. வரைக்கும் போனது வரிசை தப்பு. சில நூறு ரூபாயில், ஊசி கத்தி இல்லாமல் முடிகிற சோதனை இது. குழந்தையில்லாத தம்பதிகளில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு ஆண் பக்கமும் காரணம் இருக்கிறது. தை வரை காத்திருக்கவும் வேண்டாம், இப்போதே கத்தாரில் எடுக்கச் சொல்லுங்கள். விந்தணு உருவாகவே ஏறத்தாழ 74 நாள் ஆகும். இன்றைக்குப் புகையிலையை விட்டாலும், உஷ்ணத்தைக் குறைத்தாலும் பலன் மூன்று மாதம் கழித்துத்தான் ரிப்போர்ட்டில் தெரியும். லீவில் வந்து குறையைக் கண்டுபிடித்தால் அது சரியாவதற்குள் திரும்ப விமானம் ஏறிவிடுவார்.

எடுக்கும் முறையில்தான் பாதி ரிப்போர்ட்டுகள் கெடுகின்றன. கடைசியாக விந்து வெளியேறி 2 நாளுக்குக் குறையாமல், 7 நாளுக்கு மிகாமல் இருக்க வேண்டும். சோப்பு, எண்ணெய், சாதாரண ஆணுறை கூடாது. முதலில் வரும் சொட்டுகளில்தான் அணுக்கள் அதிகம். அது சிந்தினால் ரிப்போர்ட்டுக்கு அர்த்தமில்லை, சிந்தியதை லேபில் சொல்லிவிட வேண்டும். லேபிலேயே கொடுப்பது நல்லது. அறையில் எடுத்தால் ஒரு மணி நேரத்துக்குள், டப்பாவை உடம்போடு ஒட்டி வைத்துக் கொண்டுவர வேண்டும். ஃப்ரிட்ஜில் வைக்கக்கூடாது.

உலக சுகாதார நிறுவனத்தின் 2021 கையேட்டின்படி கீழ் அளவுகள்: 1.4 மில்லி, மில்லிக்கு 16 மில்லியன் அணுக்கள், மொத்த அசைவு 42 சதவீதம், முன்னோக்கி ஓடுபவை 30 சதவீதம், சரியான வடிவம் 4 சதவீதம். நம்ம ஊர் லேப்களில் இன்னமும் "20 மில்லியன், 50 சதவீதம்" என்று அச்சடித்த பழைய தாள் ஓடுகிறது. அதைப் பார்த்து 18 மில்லியன்காரர் இடிந்துபோய் உட்கார்ந்துவிடுகிறார். வடிவம் 4 என்றால் 96 சதவீதம் கெட்டுப்போனது என்று படிப்பவர்களும் உண்டு. 4 என்பது சரியான அளவு.

ஒரு ரிப்போர்ட்டை வைத்துத் தீர்ப்பு எழுதக்கூடாது. டெங்கு மாதிரி கடும் காய்ச்சல் வந்திருந்தால் மூன்று மாதம் விட்டு மறுபடி எடுக்க வேண்டும். வெல்டர், நெல் அவிக்கும் ஆள், பரோட்டா மாஸ்டர், லாரி டிரைவர் எல்லாருக்கும் ஒரே பிரச்சினை, உஷ்ணம். விதைப்பை உடம்பைவிட 2 முதல் 4 டிகிரி குறைவாக இருந்தால்தான் உற்பத்தி ஒழுங்காக நடக்கும். வெரிக்கோசீல் (விதைப்பை நரம்பு வீக்கம்), ஓதம் (விதைப்பையில் நீர் கோப்பது), பெரியவனான பிறகு வந்த பொன்னுக்கு வீங்கி உண்டா என்றும் டாக்டர் பார்க்க வேண்டும். "ஆண்மைக்கு" என்று யாராவது டெஸ்டோஸ்டிரோன் (ஆண் ஹார்மோன்) ஊசி போட்டால் உடனே நிறுத்தச் சொல்லுங்கள். அது விந்தணு உற்பத்தியையே அடக்கிவிடும். ஜிம் ஊசியும் இதே கதைதான்.

அரசலாறு பதில்:

ஹெச்.எஸ்.ஜி. ரிப்போர்ட்டில் அடைப்பு எந்த இடத்தில் என்று பாருங்கள். கர்ப்பப்பையை ஒட்டிய முனையில் இருபக்கமும் என்றால் பயத்திலும் வலியிலும் தசை இறுகி மருந்து ஏறாமல் போயிருக்கலாம். அது நிஜ அடைப்பு மாதிரியேதான் படத்தில் தெரியும். உதிரம் நின்ற பிறகு, முட்டை வெளிவருவதற்கு முன்னால், அரைமணி ஒருமணி முன்பு வலி மாத்திரை போட்டுக்கொண்டு, மருந்தை மெதுவாகச் செலுத்தி எடுத்தால் பல பேருக்குக் குழாய் திறந்தே இருக்கிறது. சந்தேகம் தீராவிட்டால் லேப்ராஸ்கோப்பியில் (வயிற்றில் சிறு துளை வழியாகக் கேமரா விட்டு) சாயம் செலுத்திப் பார்ப்பார்கள். அடைப்பு வெளி முனையில் இருந்து குழாய் நீர் கோத்து வீங்கியிருந்தால் விஷயம் வேறு. அப்போது முட்டை வளர்க்கும் மாத்திரையும் ஐ.யு.ஐ.யும் (விந்தைக் கர்ப்பப்பைக்குள் செலுத்துவது) வீண். ஐ.வி.எஃப்.க்கு (சோதனைக்குழாய் முறை) முன்பும் அந்தக் குழாயை எடுக்கவோ கட்டவோ வேண்டியிருக்கும்.

நம் நாட்டில் குழாய் கெடுவதற்குக் காசநோய் ஒரு முக்கியக் காரணம். இருமல் இருக்க வேண்டிய அவசியமே இல்லை. முன்பு டி.பி. இருந்ததா, வீட்டில் யாருக்காவது இருந்ததா, விலக்கில் உதிரம் வரவரக் குறைகிறதா என்று கேட்க வேண்டும். சந்தேகம் இருந்தால் கர்ப்பப்பை உட்சதையை எடுத்து சி.பி.நாட் (டி.பி. கிருமியின் மரபணுவைத் தேடும்) சோதனைக்கு அனுப்பச் சொல்லுங்கள். டி.பி. மருந்து அரசு மருத்துவமனையில் இலவசம்.

டி.எஸ்.ஹெச். (தைராய்டு), புரோலாக்டின் (பால் சுரப்பு ஹார்மோன்), சர்க்கரை, ஏ.எம்.ஹெச். (முட்டை இருப்பு) ரத்தப் பரிசோதனைகள், இதற்கெல்லாம் கணவர் பக்கத்தில் இருக்க வேண்டியதில்லை, மார்கழிக்குள் முடித்துவிடலாம். தஞ்சாவூர் ராசா மிராசுதார், திருவாரூர் மெடிக்கல் காலேஜ் இரண்டிலும் மகப்பேறு ஓ.பி. இருக்கிறது. அங்கிருந்தே ஆரம்பிக்கலாம். எடை கூடுதலாக இருந்தால் 5 முதல் 10 சதவீதம் குறைத்தாலே பலருக்கு முட்டை தானாக வெளிவர ஆரம்பிக்கிறது. ஃபோலிக் ஆசிட் 400 மைக்ரோகிராம் இப்போதிருந்தே தினமும்.

இப்போது லீவுக் கணக்கு. குழாய் திறந்திருக்கிறது, விந்துப் பரிசோதனையும் பரவாயில்லை என்று வைத்துக்கொள்வோம். ஆள் வந்து இறங்கிய பிறகு விலக்குக்குக் காத்திருந்தால் ஒரே வாய்ப்பு. அதற்குப் பதில், அவர் வருவதற்கு ஒரு வாரம் முன்பு விலக்கு வரும்படி டாக்டர் புரோஜெஸ்ட்ரோன் வகை மாத்திரை கொடுத்து நிறுத்துவார் (நிறுத்திய 3 முதல் 7 நாளில் உதிரம் வரும்). 2-ஆம் நாளிலிருந்து ஐந்து நாள் லெட்ரோசோல் (முட்டை வளர்க்கும் மாத்திரை), வழக்கமாக 2.5 மில்லிகிராமில் ஆரம்பம். 10-ஆம் நாளிலிருந்து ஒருநாள் விட்டு ஒருநாள் ஃபாலிகுலர் ஸ்கேன் (முட்டைப்பை வளர்வதைப் பார்ப்பது). முட்டைப்பை 18–20 மில்லிமீட்டர் வந்ததும் ஹெச்.சி.ஜி. ஊசி (முட்டையை வெளிவரச் செய்யும் ஹார்மோன்); சுமார் 36 மணி நேரத்தில் வெடிக்கும். இப்படி அமைந்தால் முதல் வாய்ப்பு லீவின் 7-ஆம் நாளையொட்டி வரும். தங்கவில்லை என்றால் 21-ஆம் நாளையொட்டி விலக்கு, 35-ஆம் நாளையொட்டி இரண்டாவது வாய்ப்பு. 40 நாளில் இரண்டு. டிக்கெட் போடுவதற்கு முன்பே டாக்டரிடம் தேதியைச் சொல்லிவிட வேண்டும் என்பது இதனால்தான். ஊருக்கு வந்து சொன்னால் ஒன்று போய்விடும்.

கிளம்புவதற்கு முன் விந்தை உறைய வைத்துவிட்டுப் போகலாம். ஹெச்.ஐ.வி., மஞ்சள் காமாலை பி, சி, வி.டி.ஆர்.எல். (சிபிலிஸ் என்ற பால்வினை நோய்க்கானது) சோதனை முடித்து, திரவ நைட்ரஜனில் மைனஸ் 196 டிகிரியில் வைப்பார்கள். கரைத்து எடுக்கும்போது ஓட்டம் பாதி அளவுக்குக் குறையும் என்பதால் ஒரே குப்பியோடு நிறுத்தாதீர்கள். 2021-இல் வந்த செயற்கைக் கருத்தரிப்புச் சட்டப்படி மையம் பதிவு பெற்றிருக்க வேண்டும், இருவரின் எழுத்துச் சம்மதமும் வேண்டும்.

மேலவாசல் எழுதியது:

இரண்டு பேருக்கும் நன்றி. ஒன்று சொல்ல விட்டுப்போச்சு. பி.எட். முடிக்கணும் என்று முதல் 50 நாளும் அந்தப் பெண் கருத்தடை மாத்திரை சாப்பிட்டிருக்கிறாள். அதனால்தான் கர்ப்பப்பை கெட்டது என்று மாமியார் சொல்கிறார். திருக்கருகாவூர் கோயில் நெய் 48 நாள் முடியட்டும், அப்புறம் டெஸ்ட் என்றும் பேச்சு.

அரசலாறு பதில்:

அப்படியானால் அந்த 50 நாளையும் கழித்துவிடுங்கள். மொத்த முயற்சியே இரண்டு சுற்று! மாத்திரை கர்ப்பப்பையைக் கெடுக்காது. நிறுத்தினால் ஒன்றிரண்டு சுற்றில் பழைய நிலை. காப்பர்-டி எடுத்த மாதமே தங்கலாம். தாமதமாவது அந்தரா என்ற கருத்தடை ஊசியில் மட்டும்தான், கடைசி ஊசியிலிருந்து 7 முதல் 10 மாதம்கூட ஆகும். அதுவும் தாமதம்தான், மலட்டுத்தன்மை இல்லை.

நெய் எந்த மாத்திரைக்கும் குறுக்கே நிற்காது, தாராளமாகச் சாப்பிடட்டும். 48 நாளும் டெஸ்ட்டும் கூடவே ஓடட்டும்.

குமாஸ்தா_கும்பகோணம் பதில்:

இரண்டாம் கல்யாணம் பற்றி. இந்துத் திருமணச் சட்டத்தில் குழந்தையின்மை விவாகரத்துக்குக் காரணமே கிடையாது. தாம்பத்தியம் முடியாத நிலை வேறு, குழந்தை இல்லாதது வேறு. முதல் மனைவி இருக்க, விவாகரத்து இல்லாமல் இன்னொரு தாலி கட்டினால் பாரதிய நியாய சன்ஹிதா 82-ஆம் பிரிவில் ஏழு வருஷம் வரை சிறை. "அவளே கையெழுத்துப் போட்டுக் கொடுத்தாள்" என்பது செல்லாது.

டாக்டரிடம் பெண்ணோடு மாமியார் போவதும் கணவர் போகாததும் டெல்டா முழுக்க வழக்கம். அதில்தான் பழி அவள் தலையில் விழுகிறது. வளைகாப்புக்குக் கூப்பிடாமல் விடுவது, மஞ்சள் குங்குமம் கொடுக்கும்போது தாண்டிப் போவது எல்லாம் அதற்குப் பின்னால் வருகிறவை. அவர் கத்தாரில் இருந்தாலும் முதல் ஓ.பி. சீட்டிலிருந்தே இருவர் பேரும் இருக்கட்டும், டாக்டரிடம் வீடியோ காலில் பேசட்டும். ரிப்போர்ட் அவர்கள் இருவருக்கு மட்டும். சித்தப்பா வாட்ஸப்புக்கு அல்ல. ரெண்டு மா நிலத்தை ஒத்திக்கு வைத்து நேராக ஐ.வி.எஃப். பேக்கேஜ் கட்டச் சொல்லும் மையத்தில், அடைப்பு உறுதியாகாமல் முன்பணம் கொடுக்க வேண்டாம்.

வேளாங்கண்ணி_ரோடு பதில்:

நடுவில் ஒரு சந்தேகம். குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷன் செய்தவர்களுக்குக் குழாயைத் திரும்ப இணைக்கலாமா? 2004 சுனாமிக்குப் பிறகு நாகப்பட்டினத்தில் பிள்ளைகளைப் பறிகொடுத்தவர்களுக்கு அரசு அதற்கு ஏற்பாடு செய்தது அல்லவா?

அரசலாறு பதில்:

செய்தது. மறுஇணைப்பு பலிப்பது மூன்று விஷயத்தில் இருக்கிறது: பெண்ணின் வயது, மிச்சமிருக்கும் குழாயின் நீளம் (4 சென்டிமீட்டருக்கு மேல் இருந்தால் நல்லது), ஆபரேஷன் செய்த முறை. வளையம், கிளிப் போட்டவர்களுக்கு வாய்ப்பு கூடுதல்; சுட்டு அடைத்தவர்களுக்குக் குறைவு. அதனால் பழைய டிஸ்சார்ஜ் சீட்டைத் தேடி எடுங்கள். கணவரின் விந்துப் பரிசோதனையும் முதலில் முடிந்திருக்க வேண்டும். இணைத்த பிறகு நாள் தள்ளினால் ஆறாவது வாரத்தில் ஸ்கேன் கட்டாயம், கரு குழாயிலேயே தங்கும் ஆபத்து இவர்களுக்கு அதிகம்.

லேப்_மேஜை பதில்:

மேலவாசல், கத்தார் ரிப்போர்ட் வந்ததும் எண்களை மட்டும் இங்கே போடுங்கள், பெயரும் பாஸ்போர்ட் நம்பரும் மறைத்து. அளவு குறைவாக இருந்தால் எத்தனை நாள் இடைவெளியில் எடுத்தது, சிந்தியதா என்பதையும் சேர்த்து எழுதுங்கள். அணுவே இல்லை என்று வந்தால் கலங்க வேண்டாம். மாதிரியை மெஷினில் சுழற்றி, அடியில் படிந்ததைப் பார்த்தார்களா என்று கேளுங்கள். அதன் பிறகுதான் எஃப்.எஸ்.ஹெச். (விந்தணு உற்பத்தியைத் தூண்டும் ஹார்மோன்), டெஸ்டோஸ்டிரோன் ரத்தப் பரிசோதனை.