பயோமார்க்கர்: 'குருதிக்குறி' சரிவருமா?

அனைவருக்கும் வணக்கம்.

நாள்பட்ட சிறுநீரக நோயாளிகளுக்கான கையேட்டில் ரத்தப் பரிசோதனை அத்தியாயத்தை எழுதிக்கொண்டிருக்கிறேன். உடலுக்குள் நடப்பதை அளந்து அறிய உதவும் அடையாளமான பயோமார்க்கர் (biomarker) என்ற சொல் பக்கத்துக்கு நாலு தடவை வருகிறது. அதற்குத் தமிழில் என்ன சொல் போடலாம் என்று போன வாரம் கேட்டதற்கு இத்தனை பேர் பதில் எழுதியதில் மகிழ்ச்சி.

> 'உயிர்க்குறி' என்றே போடலாமே, சுருக்கமாக இருக்கிறது.

ஐயா, முதல் வரைவில் அதைத்தான் போட்டிருந்தேன். டயாலிசிஸ் செய்துகொள்ளும் என் பெரியம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். "கிரியேட்டினின் ஓர் உயிர்க்குறி" என்ற வரி வந்ததும் கையிலிருந்த ரிப்போர்ட்டை மடித்து மடியில் வைத்துக்கொண்டு, "ஏன்டா, உயிருக்கு ஏதும் ஆபத்தா?" என்று கேட்டார். அன்றைக்கே அதை அடித்துவிட்டேன். நாடி, மூச்சு, உடல் வெப்பம், ரத்த அழுத்தம் நான்கையும் சேர்த்து 'உயிர்க்குறிகள்' என்று சிலர் எழுதுவதும் உண்டு. இரண்டும் குழம்பும்.

> 'நோய்காட்டி' எளிதில் புரியுமே?

புரியும், ஆனால் பொருள் குறுகிவிடும். அமெரிக்கத் தேசிய நலவாழ்வு நிறுவனம் 1998இல் கூட்டிய குழுவின் வரையறைப்படி, உடலின் இயல்பான இயக்கம், நோய், மருந்துக்கு உடல் தரும் பதில் ஆகிய எதையும் அளந்து சொல்வது பயோமார்க்கர். நோய் அதில் ஒரு பங்குதான்.

'காட்டி' என்பதிலும் எனக்குத் தயக்கம் இருக்கிறது. அது உள்ளதை உள்ளபடி காட்டிவிடும் என்ற நம்பிக்கையைத் தருகிறது. 'மூணு மாச சுகர்' பரிசோதனையை எடுத்துக்கொள்ளுங்கள். சிவப்பணு ஏறக்குறைய 120 நாள் வாழ்கிறது, அதற்குள் அதன் ஹீமோகுளோபினில் எவ்வளவு சர்க்கரை ஒட்டியிருக்கிறது என்பதுதான் கணக்கு. முற்றிய சிறுநீரக நோயில் அணுவின் ஆயுளே குறைந்துவிடுகிறது. ரத்தம் ஊற எரித்ரோபாய்டின் ஊசி போட்டால் புது அணுக்கள் நிறைய வந்துவிடும், அவற்றில் சர்க்கரை ஒட்ட நேரம் இருக்காது. ஆக, எண் உண்மையைவிடக் குறைவாக வரும். சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறது என்று வீட்டில் நிம்மதியாக இருந்துவிடுவார்கள். 'குறி' என்றால் அதைப் படித்துச் சொல்ல ஒருவர் வேண்டும் என்பது சொல்லுக்குள்ளேயே இருக்கிறது.

> ஹார்மோனையும் இதில் சேர்ப்பது சரியா?

இந்தக் கேள்விதான் என்னை ரொம்ப யோசிக்க வைத்தது. கிரியேட்டினின் தசையிலிருந்து வரும் கழிவு. சிறுநீரகம் வடிகட்டாவிட்டால் ரத்தத்தில் தங்கும், நாம் அளக்கிறோம், அவ்வளவுதான். கழுத்திலுள்ள சிறு சுரப்பிகளிலிருந்து வரும் பாராதைராய்டு ஹார்மோன் அப்படியில்லை. சிறுநீரகம் தளரும்போது பாஸ்பரஸ் தேங்குகிறது, செயல்படும் வைட்டமின் டி குறைகிறது, கால்சியம் இறங்குகிறது. அதை ஈடுகட்ட இந்த ஹார்மோன் ஏறி, எலும்பிலிருந்து கால்சியத்தை உருவுகிறது. நோயின் போக்கைச் சொல்வதும் அதுவே, எலும்பை அரிப்பதும் அதுவே. 'குறிப்பான்' என்று 'ஆன்' விகுதி போட்டால் கிரியேட்டினினும் ஏதோ வேலை செய்வதாகத் தோன்றும். வெறும் 'குறி' இரண்டுக்கும் பொருந்துகிறது.

(ஹார்மோனுக்கு 'இயக்குநீர்' நல்ல சொல். 1905இல் ஆங்கிலேய உடலியல் அறிஞர் ஸ்டார்லிங் ஹார்மோன் என்ற பெயரை வைத்ததே, 'தூண்டி இயக்கு' என்ற பொருளுள்ள கிரேக்க வினையிலிருந்துதான். ஆனால் ரிப்போர்ட்டில் ஹார்மோன் என்றுதான் இருக்கும், இலங்கையில் ஓமோன் என்பார்கள். கையேட்டில் அதை மாற்றப் போவதில்லை.)

என் முன்மொழிவு: குருதிக்குறி. சித்த மருத்துவத்தில் நீர்க்குறி, நெய்க்குறி என்ற சொற்கள் இருக்கின்றன. சிறுநீரின் நிறம், மணம், நுரை பார்ப்பது நீர்க்குறி. அதில் ஒரு சொட்டு நல்லெண்ணெய் விட்டு, பாம்பாக நீள்கிறதா, மோதிரமாக விரிகிறதா, முத்தாக நிற்கிறதா என்று பார்ப்பது நெய்க்குறி. உடலிலிருந்து எடுத்த ஒன்றைப் பார்த்து உள்ளே நடப்பதை அறிவதற்கு நம்மிடம் சொல் இருக்கும்போது, அந்த அச்சிலேயே புதியதை வார்க்கலாமே. நோயாளி தானே உணர்வது அறிகுறி, ரத்தத்தில் அளந்து தெரிந்துகொள்வது குருதிக்குறி என்று பிரித்துச் சொல்லவும் வசதி.

'இரத்தக்குறி' பழகியது என்பீர்கள். ரத்தம் என்றதும் காயமும் கறையும் நினைவுக்கு வருகின்றன. தமிழ்நாட்டில் குருதி கொஞ்சம் ஏட்டுச் சொல்தான், ஆனால் இலங்கைத் தமிழர் குருதி அமுக்கம், குருதிச்சோகை என்று இயல்பாகச் சொல்கிறார்கள். திருத்திய பக்கத்தைப் பெரியம்மாவுக்கு மறுபடி வாசித்தேன். "ரத்தத்துல தெரியுற அறிகுறியா?" என்றார். விளக்கம் கேட்கவில்லை.

ஒரு குறை இருக்கிறது. ஸ்கேனில் பார்ப்பது, மரபணுவில் பார்ப்பது எல்லாம் பயோமார்க்கர்தான், அவை குருதிக்குறிக்குள் வராது. பொதுச்சொல்லாக 'உடற்குறி' போடலாம் என்றால், மச்சம், தழும்பு போன்ற அங்க அடையாளம் என்று எண்ணிவிடுவார்கள். 'அளவுக்குறி' என்றால் அளவுகோலின் கோடு போல இருக்கிறது. கையேட்டில் ரத்தப் பரிசோதனை மட்டுமே வருவதால் எனக்கு இப்போதைக்குக் குருதிக்குறி போதும். பொதுச்சொல் யாருக்காவது தோன்றினால் எழுதுங்கள், அத்தியாயம் இன்னும் என் கையில்தான் இருக்கிறது.