அழகன்குளத்தில் துறைமுகம் எங்கே?

வைகைக்கரை:
போன மாதம் போட்டில் குருசடைத் தீவு, அப்புறம் பாம்பன், அரிச்சல்முனை எல்லாம் முடித்துத் திரும்பும்போது நான்தான் அடம்பிடித்து வண்டியை அழகன்குளத்துக்கு விடச் சொன்னேன். ராமநாதபுரம் பக்கத்துப் பழைய துறைமுகம், ரோமானியக் காசும் கப்பல் கீறிய பானை ஓடும் கிடைத்த ஊர், பார்க்க ஏதாவது இருக்கும் என்று நினைப்பு. கருவேலமும் ஆடுகளும்தான் கண்ணில் பட்டன. ஆடு ஓட்டி வந்த அம்மாவிடம் துறைமுகம் எங்கே இருந்தது என்று கேட்டேன். "இந்தா, அது மேலதான நிக்கிறீக, இதான் கோட்டைமேடு" என்றார். குனிந்து பார்த்தால் கட்டைவிரல் அகலத்துக்கு ஒரு சில்லு, வெளியே சிவப்பு, உள்ளே கறுப்பு, உள்பக்கம் மட்டும் அப்படி ஒரு வழவழப்பு. மகள் பைக்குள் போடப் பார்த்தாள். வாங்கி எடுத்த இடத்திலேயே வைத்துவிட்டேன். எந்த ஆடு மிதித்ததோ என்று இன்னும் மனசு அடித்துக்கொள்கிறது.

மடத்துக்காரன்:
அரிச்சல்முனை "எல்லாம் முடித்து" என்று ஒரே வரியில் தாண்டிவிட்டீர்களே! 2000 வருஷத்துத் துறைமுகத்தை மண்ணுக்குள் தேடுகிற ஆள், போகிற வழியில் தனுஷ்கோடியைப் பார்க்கவில்லையா? 1914லிருந்து ரயிலில் வந்து இறங்கி, அங்கேதான் தலைமன்னாருக்குக் கப்பல் ஏறினார்கள். 1964 டிசம்பர் புயலோடு போயிற்று. எங்கள் அப்பத்தா அந்த ஊர்தான். ரோடு போட்ட பிறகு ஒரு தடவை கூட்டிப் போனேன், வேனை விட்டு இறங்கவே மாட்டேன் என்றுவிட்டது. "ரயிலடித் தண்ணித் தொட்டி நிக்குதாடா?" என்று மட்டும் கேட்டது. நிற்குது அப்பத்தா என்றேன். அப்புறம் எங்கள் ஊர் வரும்வரை பேச்சே இல்லை.

கச்சான்:
நானும் குருசடை போனேன், ஆடி மாதம், போகும்போதே வாந்தி, தீவைப் பார்த்ததாக ஞாபகமே இல்லை. அதனால் சொல்கிறேன், ஆனி ஆடியில் தென்கடல் பக்கம் படகு ஏறாதீர்கள். நம் ஆட்கள் அதை ஆண் கடல் என்பது சும்மா இல்லை. அந்த மாதங்களில் வடக்கே பெண் கடல் குளம் மாதிரி கிடக்கும், தொண்டி பக்கம் காரங்காட்டில் அலையாத்திக் காட்டுக்குள் படகு விடுகிறார்கள், அங்கே போங்கள். வாடைக் காற்று வந்துவிட்டால் கதை தலைகீழ். எந்தக் காலமானாலும் காலையிலேயே ஏறிவிடுங்கள், காற்று பலமானால் படகை நிறுத்திவிடுவார்கள். பழைய துறைமுகம்தான் வேண்டும் என்றால் பெரியபட்டினத்தையும் சேருங்கள், சீனப் பீங்கான் சில்லு கிடைத்த ஊர். தேவிபட்டினத்தில் கடலுக்குள் நிற்கும் நவபாஷாணக் கல்லையும் பாருங்கள். குழந்தைகளுக்குத் தொப்பி முக்கியம்.

வைகைக்கரை:
கச்சான், நான் காற்றைப் பற்றிக் கேட்கவே இல்லையே ஐயா. சரி, தொப்பிக்கு நன்றி. மடத்துக்காரரே, நீங்கள் சொன்னதும் போனில் தேடிப் பார்த்தேன். அந்தத் தொட்டி முன்னால் நின்றுதான் குடும்பத்தோடு போட்டோ எடுத்திருக்கிறோம், எல்லாரும் சிரித்துக்கொண்டு. அது என்ன கட்டடம் என்று எங்களில் ஒருத்தர்கூடக் கேட்கவில்லை.