பர்வதமலை: தென்மகாதேவமங்கலம் ஏற்றம், கடலாடி இறக்கம். விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்க

வணக்கம் மக்களே. தாம்பரத்திலிருந்து ஒரு டெம்போ டிராவலர், 11 பேர். அதிகாலை 2 மணிக்குக் கிளம்பி திண்டிவனம், செஞ்சி, திருவண்ணாமலை வழியாகப் போய், விடியும்போது பர்வதமலையில் (திருவண்ணாமலை மாவட்டத்தில் உச்சியில் சிவன் கோயில் இருக்கிற மலை) தென்மகாதேவமங்கலம் பக்கம் ஏறத் தொடங்கி, கடலாடி பக்கம் இறங்குவதாகத் திட்டம். சனிக்கிழமையைத் தவிர்க்கிறோம், வெள்ளி ராத்திரி ஜிஎஸ்டி ரோட்டில் செங்கல்பட்டு தாண்டுவதற்குள்ளேயே பாதித் தூக்கம் போய்விடும்.

தண்ணீர் ஆளுக்கு 4 லிட்டர், ஓஆர்எஸ் 3 பாக்கெட். கவலை கடப்பாரைப் பாறைதான், அதாவது செங்குத்துப் பாறையில் அடித்திருக்கும் இரும்புக் கம்பிகளைப் பிடித்து ஏறும் இடம். வெயில் ஏறினால் கம்பி சுடும், மழை பெய்திருந்தால் பாறை வழுக்கும். உள்ளங்கையில் ரப்பர் ஒட்டிய கையுறை போதுமா? துணிக் கையுறை வியர்வையில் நனைந்து கம்பியில் நழுவுகிறது. பையை முதுகோடு இறுக்கிக் கட்டாவிட்டால் ஏறும்போது பின்னால் இழுக்கும். அதனால் சைடு பாக்கெட்டில் எதுவும் வைக்க வேண்டாம் என்று சொல்லியிருக்கிறோம். பாட்டில் நழுவினால் கீழே வருபவர் தலையில்தான். குரங்குக்குப் பயந்து பாலிதீன் கவரும் கிடையாது.

தெரிய வேண்டியது: கடலாடி பக்கப் பாதை இப்போது திறந்திருக்கிறதா, புதர் மண்டியிருக்கிறதா? வனத்துறை எத்தனை மணிக்கு மேல் ஏற விடுவதில்லை? வண்டியைக் கடலாடி அடிவாரத்துக்கு அனுப்பினால் நிறுத்த இடம், டிரைவருக்குச் சாப்பாடு கிடைக்குமா? இறக்கத்தில் முட்டி வலி வரும் இருவருக்கு மூங்கில் கம்பு அடிவாரத்திலேயே கிடைக்குமா, இல்லை இங்கிருந்தே எடுத்து வரணுமா?

இந்த மாதம் போய்வந்தவர்கள் பதில் போட்டால் நல்லது. பழைய தகவல் வேண்டாம்ங்க.