‘இணைப்பு’ என்றால் வயர்தானே நினைவுக்கு வரும்?

வணக்கம்.

மூளை ஆய்வுச் சொற்களுக்குத் தமிழ் தேடும் நம் உரையாடலில், பங்ஷனல் கொனெக்ரிவிற்றிக்கு (functional connectivity, மூளைப் பகுதிகளின் சைகைகள் சேர்ந்து ஏறி இறங்குவது) ‘செயல் இணைப்பு’ போதும் என்று அண்ணை ஒருவர் எழுதியிருந்தார். எனக்கு மனம் ஒப்பவில்லை. இணைப்பு என்றதும் வாசிப்பவருக்கு வயர்தான் கண்ணில் வரும். 1995இல் ஆய்வாளர் பரத் பிஸ்வாலும் கூட இருந்தவர்களும் கண்டது வேறு. எம்.ஆர்.ஐ. ஸ்கானரில் சும்மா படுத்திருந்தவர்களின் மூளையில், இடக்கையை அசைக்கும் பகுதியின் சைகையும் வலக்கையை அசைக்கும் பகுதியின் சைகையும் சேர்ந்தே ஏறி, சேர்ந்தே இறங்கின. நேரடி நரம்புநார் இல்லாத பகுதிகளுக்கிடையிலும் இது நடக்கும். ஆகவே இதை ‘ஒத்தியக்கம்’ என்போம். நார்களால் ஆனதற்கு மட்டும் ‘நரம்பிணைப்பு’ இருக்கட்டும்.

முதுமைக்கு வரும்போதுதான் இந்த வேறுபாடு உண்மையில் தேவைப்படுகிறது. சேர்ந்து இயங்கும் மூளைப் பகுதிகளின் கூட்டத்தை ‘வலை’ என்கிறோம். வயது போகப் போக ஒரே வலைக்குள் ஒத்தியக்கம் தளர்கிறது. சும்மா இருக்கும்போது கூடுதலாக இயங்கும் ஓய்வுநிலை வலையில் (default mode network) நெற்றிப்பக்கத்துக்கும் பின்பக்கத்துக்கும் இடையில் இந்தத் தளர்வு நன்றாகவே தெரிகிறது. ஆனால் வெவ்வேறு வலைகளுக்கிடையில் ஒத்தியக்கம் கூடுகிறது. வலைகளின் தனித்தனிமை மங்கியவர்கள் நினைவாற்றல் சோதனைகளிலும் பின்தங்குவதைப் பெரிய ஆய்வுகளில் கண்டிருக்கிறார்கள். ‘இணைப்பு இழப்பு’ என்று எழுதினால் இதில் பாதி தொலைந்துபோகும்.

தோட்டத்துக்கு இறைத்தவர்களுக்கு இது உடனே விளங்கும். வெங்காயப் பாத்தியின் வரம்பு இளகினால் தண்ணீர் பக்கத்துப் பாத்திக்குப் பாயும், உரிய பாத்தி காயும். அதனால் இந்த மாற்றத்துக்கு ‘வரம்பிளகல்’ என்று முன்மொழிகிறேன். யாழ்ப்பாணத்து மானிப்பாயில் அமெரிக்க மிஷன் மருத்துவரான கிறீன் வைத்தியர் 19ஆம் நூற்றாண்டிலேயே மேலை மருத்துவத்தைத் தமிழில் கற்பித்த மண் இது. ஊர்ச்சொல்லுக்குக் கூச்சப்படத் தேவையில்லை.

ஆனால் எல்லா ஊர்ச்சொல்லும் வேண்டாம். முதுமையில் நினைவு தடுமாறுவதற்கு நம் ஊர்ப்பேச்சில் உள்ள ‘அறளை பெயர்தல்’ என்பதையே எழுதலாமா என்று தம்பி ஒருவர் கேட்டிருந்தார். அம்மம்மாவுக்குக் கடைசிக்காலத்தில் பேரப்பிள்ளைகளின் பெயர் சட்டென்று வராது. “அறளை பேந்திட்டுது” என்று யாரோ சொன்னது அவருக்குக் கேட்டுவிட்டது. அன்று முழுக்க அவர் வாய் திறக்கவில்லை. அந்தச் சொல்லை மருத்துவக் குறிப்பில் எழுத என்னால் முடியாது. மறதிநோயையும் வயதோடு வரும் சாதாரண மந்தத்தையும் அது ஒன்றாக்கிவிடுகிறது என்பது இன்னொரு காரணம். ‘அறிதிறன் தளர்வு’ போதும், அது நோயென்று தீர்ப்புச் சொல்லவில்லை.

வரம்பிளகலுக்கு முதலில் ‘வரம்புக்கரைவு’ என்றுதான் யோசித்தேன். வரம்பின் கரை என்று வாசித்துவிடுவார்கள் என்பதால் விட்டேன். ‘வரம்பழிவு’ என்றால் எல்லாம் முடிந்ததுபோல் ஒலிக்கிறது. ஆளுக்காள் கூடக்குறைய நடப்பது இது. ‘இளகல்’ அதற்கு இடம் விடுகிறது. இதைவிடப் பொருத்தமானது யாரிடமாவது இருந்தால் எழுதுங்கள், மாற்றிக்கொள்வோம்.