வர்ஜீனியா: படை ஓய்வூதியத்துக்கு மாநில வரிக் கழிவு விழவில்லையே, ஏன்?

கடலோடி:
அமெரிக்கக் கடற்படையில் இருபது ஆண்டுகள் முடித்துவிட்டு வர்ஜீனியாவின் நார்ஃபோக்கிலேயே வீடு வாங்கித் தங்கிவிட்டேன். வயது 46. தனியார் வேலையும் பார்க்கிறேன். ஓய்வூதியம் ஆண்டுக்கு 36,000 டாலர். 2025 கணக்குக்காக, ஆண்டு ஓய்வூதியத் தொகையைக் காட்டும் 1099-ஆர் படிவத்தை வரி மென்பொருளில் ஏற்றினால், அத்தனைக்கும் வர்ஜீனியா வரி போடுகிறது. 55 வயதானால்தான் கழிவு என்கிறார் பழைய சகா ஒருவர். "நீ டெக்சஸ்காரன், இங்கே எதற்கு வரி?" என்கிறார் இன்னொருவர். யார் சொல்வது சரி?

கணக்குப்பிள்ளை:
இருவருமே சரியில்லை. 55 வயது நிபந்தனை இருந்தது உண்மைதான். 2024 வரி ஆண்டிலிருந்து அதை எடுத்துவிட்டார்கள். கழிவின் உச்சவரம்பு 2022இல் 10,000 டாலர். ஆண்டுக்குப் பத்தாயிரமாக ஏறி 2025இல் 40,000 ஆகிவிட்டது. உங்கள் 36,000 முழுவதும் அதற்குள் அடங்கும். மென்பொருளைத் திட்டிப் பயனில்லை. 1099-ஆரில் குறியீடு 7 என்று இருக்கும். அது சாதாரண ஓய்வூதியக்காரர்களுக்கும் பொதுவானது. பணம் படையிலிருந்து வருகிறது என்று அதற்கு எப்படித் தெரியும்? மாநிலப் பகுதிக்குள் போய், கழிவுகளில் படை ஓய்வூதியத்தைத் தேடி, நீங்களே தொகையை நிரப்புங்கள். சம்பளமும் இருப்பதால் ஓய்வூதியம் 5.75 சதவீத அடுக்கில்தான் விழும். மிச்சம் 2,070 டாலர். மத்திய வரியில் ஒரு காசும் குறையாது.

பழைய சார்ஜென்ட்:
டெக்சஸ் விஷயத்துக்கு வருகிறேன். பணியில் இருந்தவரை, உத்தரவின்பேரில் எங்கே இருந்தாலும் படைச் சம்பளத்துக்குச் சொந்த மாநிலக் கணக்கு செல்லும். சீருடையைக் கழற்றியதும் அந்தப் பாதுகாப்பு போய்விடும். வீடு வாங்கி ஆண்டு முழுவதும் வர்ஜீனியாவில் இருப்பவர் வர்ஜீனியாவாசிதான். டெக்சஸ் ஓட்டுநர் உரிமத்தைக் காட்டிச் சமாளிக்கலாம் என்று நினைக்காதீர்கள். இன்னொன்று: ஓய்வூதியத்துக்கு வரி கேட்கும் உரிமை நீங்கள் குடியிருக்கும் மாநிலத்துக்கு மட்டுமே, பணியாற்றிய மாநிலம் கேட்க முடியாது. 1996இல் வந்த மத்தியச் சட்டம் அது. டெக்சஸில் வருமான வரி இல்லைதான், ஆனால் அங்கே வீட்டு வரியைப் பார்த்தால் மயக்கம் வரும்!

கடலோடி:
நன்றி ஐயா. ஊனமுற்றோர் இழப்பீடும் மாதாமாதம் வருகிறது. அதையும் கழிவில் சேர்க்கலாமா? 2024 கணக்கில் இந்தக் கழிவை நான் கேட்கவே இல்லை, அது போனதுதானா?

கணக்குப்பிள்ளை:
முன்னாள் படையினர் துறை தரும் இழப்பீட்டுக்கு மத்திய வரியே கிடையாது. அது 1099-ஆரிலும் வராது. வருமானத்தில் சேராததை எப்படிக் கழிப்பீர்கள்? அதைத் தொட வேண்டாம். 2024 போகவில்லை: திருத்தக் கணக்கு போடுங்கள். கெடு தேதியிலிருந்து மூன்று ஆண்டு அவகாசம், அதாவது 2028 மே 1 வரை. அந்த ஆண்டு வரம்பு 30,000; அதே அடுக்கென்றால் 1,725 டாலர் திரும்பும்.

மல்லிகை:
இடையில் புகுவதற்கு மன்னிக்கவும். என் கணவர் காலமாகிவிட்டார். எனக்கு வரும் வாழ்க்கைத்துணை உதவித்தொகைக்கும் இது உண்டா?

பழைய சார்ஜென்ட்:
உண்டு அம்மா. அவருடைய படைப்பணிக்காக வாழ்க்கைத்துணைக்குக் கிடைக்கும் தொகையும் அதே வரம்புக்குள் கழியும்.

கடலோடி:
கழிவு விழுந்துவிட்டது. ஓய்வூதியத்தில் மாதாமாதம் பிடிக்கும் வர்ஜீனியா வரியை நிறுத்தலாமா?

கணக்குப்பிள்ளை:
படை ஓய்வூதியக் கணக்கைப் பார்க்கும் மைபே இணையதளத்தில் நிறுத்தலாம். ஆனால் உங்கள் வேலைச் சம்பளத்தில் போதுமான வரி பிடிக்கிறார்களா என்று முதலில் பாருங்கள்.